எட்டு மில்லிமீற்றர்

கல்முனைக் கடையில் நௌபர்
பலகைத் துண்டின் மேல் தேத்தண்ணியை ஊற்றித்
துடைத்துக் காட்டினான்.
"பாத்தீங்களா, ஒரு கறையும் இல்ல."
வால்நட், ஓக், சாம்பல் நிறத்தில் ஒன்று.
மூன்றிலும் ஒரே கணு,
ஒரே இடத்தில்.
எந்த மரத்தைப் படம்பிடித்தார்களோ.

"தண்ணி நிண்டா?"
"இருபத்திநாலு மணித்தியாலம் தாங்கும், மிஸ்."

எங்கள் போரதீவில்
மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வந்தால்
மணிக்கூடு பார்த்துப் போவதில்லை.

மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி வந்து
வாளிக்குள் அமிழ்த்தி
மேலே ஒரு சீமெந்துக் கல்லை வைத்தேன்.
டோஹாவிலிருந்து விமலகாந்தன் சிரித்தார்:
"அது நிலத்துக்கு வாங்கிறது, மீனுக்கில்ல."

மூன்றாம் நாள் எடுத்தேன்.
ஓரம் உப்பி, மேல்தாள் பிரிந்து
அந்தக் கணு என் விரலோடு வந்தது.
உள்ளே தேத்தண்ணியில் ஊறின ரஸ்க்.

இரவு திரும்பவும் கேட்டார்,
"அப்ப எந்த நிறம்?"

நிலத்தை ஒன்றரை அடி உயர்த்த
எவ்வளவு முடியுமென்று மேசனிடம் கேட்டிருக்கிறேன்.
இனி வரும்போது
கதவுநிலையில் குனிஞ்சு வாங்க.

அதுக்குப் பிறகு
வால்நட்.