ஒன்றரை அடி

பங்களா அப்பு மரியசூசை
பழைய சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுத் தந்தார்,
பட்டாணி அளவில் எட்டுக் குஞ்சு வெங்காயம்.
"தொரையம்மா வச்சது.
அவங்க போயி ஆறு வருசமாச்சி, இது போகல.
நட்டுட்டு விடுங்க. மத்தத அது பாத்துக்கும்."

குழாயடிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே
மண்வெட்டி நீளத்தில் ஒரு துண்டு.
ஆட்டெரு, அடுப்புச் சாம்பல்,
பனி கருக்காமல் இருக்க உரச்சாக்கு.
இரண்டு வருசம் சும்மா நின்றது.
தாளைக் கிள்ளி ரொட்டிக்குச் சம்பல் இடிப்போம்,
அவ்வளவுதான்.
"வெங்காயம்னு சொன்னீங்க, புல்லுல்ல வளக்கிறீங்க"
என்று விஜயராணி சொல்லாத நாளில்லை.
கொழுந்து நிறுக்கிற இடத்திலும்
அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

மூன்றாம் வருசம், சித்திரை இடிமழைக்கு முன்
ஒரு தண்டு விரல் பருமனில் எழும்பி
பூ வைக்க வேண்டிய உச்சியில்
வெங்காயமே வைத்தது.
சிவப்பாக, ஐந்தோ ஆறோ,
ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு,
ஒரே காம்பராவில் படுத்த பிள்ளைகள் மாதிரி.
அதில் மூத்தது பொறுமையில்லாமல்
அங்கேயே முளைத்து இன்னொரு தண்டு விட்டது,
அதன் தலையிலும் இன்னும் சின்னதாய் இரண்டு.

பாரத்தில் சாயத் தொடங்கியதும்
குச்சி ஊன்றிக் கட்டினேன்,
தக்காளிக்குச் செய்கிற உபகாரம்.
விடிந்து பார்த்தால்
குச்சியையும் கூட்டிக்கொண்டு சாய்ந்திருக்கிறது.
அப்புறம்தான் விளங்கியது,
தலைக்கயிற்றைக் கழற்றி
கூடையை இறக்கி வைக்கிற குனிவு அது என்று.

ஒன்றரை அடி தள்ளி,
தலை தொட்ட இடத்தில் வேர்.
பழைய தண்டு காய்ந்து நூலாகி
மழையோடு போய்விட்டது.

அடுத்த வருசம் கானுக்கு இந்தக் கரை.
அதற்கடுத்த வருசம் அந்தக் கரை.
அந்தக் கரை சந்தனமேரியுடையது.
அதாவது, அவளும் சொல்கிறாள்,
நானும் ஒத்துக்கொள்கிறேன்,
தோட்டம் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளோடு எங்களுக்கு மூன்று வருசமாகப் பேச்சில்லை.
அவள் நாய் என் கோழியைத் தின்றது.
அதற்கு நான் அந்த நாயை...
அது இப்போது வேண்டாம்.

ஒருநாள் விடியக்காலை, பெரட்டுக்குப் போகிற அவசரத்தில்,
கானுக்கு அப்பால் நின்று சொன்னாள்:
"உங்க வெங்காயம் வந்திருக்கு."
விருந்தாளி வந்த சேதி சொல்கிற குரல்.
"புடுங்கிப் போடுங்க" என்றேன்.
"நடந்து வந்தத ஏன் புடுங்கணும்?"

அன்று பொழுது சாய
அவள் வீட்டிலிருந்து கட்டசம்பல் இடிக்கிற மணம்.
சிரட்டையில் கொஞ்சம் வைத்து
என் மகன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.
கண்ணில் தண்ணீர் வருகிற உறைப்பு.
வேணும்னுதான் போட்டிருக்கா என்றாள் மனைவி,
சிரட்டையை வழித்தபடி.

ஆடியில் ஏழு பேர்ச் அளக்க ஆட்கள் வந்தார்கள்.
டேப் பிடித்து, கொப்பியில் எழுதி,
கானுக்குப் பக்கத்தில்
சிவப்புத் தலை வைத்த முளைக்குச்சி ஒன்று அடித்தார்கள்.
"உறுதி எப்பங்க ஐயா வரும்?"
ஐயா மலைமேல் இறங்குகிற பனியைப் பார்த்தார்.
"வரும்."

இரவு, மகனின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
நானும் ஒரு கணக்குப் போட்டேன்.
வருசத்துக்கு ஒன்றரை அடி.
ராகலை ரோட்டுக்கு இங்கிருந்து இரண்டு மைல்.
ஏழாயிரத்து நாற்பது வருசம்,
நடுவில் யாரும் சம்பல் இடிக்காவிட்டால்.
உறுதியும் வெங்காயமும் ஒன்றாகப் புறப்பட்டால்
எது முந்தும் என்று
விஜயராணியிடம் கேட்கவில்லை,
அவள் பந்தயம் கட்டிவிடுவாள்.

இந்த வாரம் அந்தக் கரைத் தண்டு ஒன்று
முளைக்குச்சியின் சிவப்புத் தலையில் சாய்ந்திருந்தது.
நேற்று வேலை விட்டு வந்து பார்க்கிறேன்,
யாரோ அதைப் பதமாக வளைத்து
கானுக்கு மேலாக
என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள்,
வளைந்த இடத்தில் ஒடியாமல்
பழைய சீலைக் கிழிசல் சுற்றி.

சந்தனமேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"புது நாய் மிதிச்சிரும்" என்றாள்.