திறக்குமா, அதை மட்டும்

அவுலு நகரில், மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில்
நிமிடத்துக்கு ஏழு மார்க்கா வாங்கிக்கொண்டு
வழி சொல்லும் வேலை எனக்கு.
தொண்ணூற்றிரண்டு, ஜனவரி.
பகலென்று ஒன்று வந்து
கோட்டைக் கழற்றாமலே கிளம்பிப் போகும்.

மேசைமேல் பச்சை ஃபைல்.
ஒவ்வொரு பூட்டுக்கும் மூன்று குறிப்புகள்:
முதலாவது கண்ணைக் காட்டும்
இரண்டாவது விரலை நீட்டும்
மூன்றாவது மணிக்கட்டைப் பிடித்து
இழுத்துக்கொண்டே போய்விடும்.
'முதலாவதிலிருந்து ஆரம்பி' என்பார் முதலாளி ரைனோ,
'நிமிடம் கூடும்.'

பள்ளி விட்டு வரும் பையன்களுக்கு
எடுத்த எடுப்பில் மூன்றாவதுதான் வேண்டும்.
"சீக்கிரம் சொல்லுங்க, அம்மா வந்துடுவாங்க."
ஒருவன் எப்போதும் தம்பிக்காகக் கேட்பான்.
தம்பியிடம் கொடு என்றால்
அதே குரல் கொஞ்சம் மூக்கால் பேசும்.
ஒரு பல் மருத்துவர், கிளினிக்கிலிருந்து,
டிராகனை எப்படிக் கொல்வது என்று கிசுகிசுப்பார்.
பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி
'ஆ' என்று காத்திருப்பார்கள்.

பிறகு கெமியிலிருந்து ஒரு பெண்.
ஹில்க்கா. காகித ஆலையில் இரவு ஷிஃப்ட்.
உப்புக் கோட்டை, நான்காம் தளம், நீலக் கதவு.
பக்கத்தைப் புரட்டினேன்.
"புரட்டாதீங்க, கேக்குது" என்றாள்.
"பதில் வேண்டாம். குறிப்பும் வேண்டாம்.
திறக்குமா, அதை மட்டும் சொல்லுங்க.
திறக்கும்னா மிச்சம் என் பாடு."

நீலக் கதவுக்கு நேராக ஃபைலில் ஒரே வரி:
வெறும் ஓவியம். திறக்காது.
கீழே மூன்று குறிப்புகளுக்குமான இடம்
வெள்ளையாகக் கிடந்தது.
தெருவில் பனி வாரும் வண்டி
வாரியதையே திரும்ப வாரிக்கொண்டிருந்தது.

"திறக்கும்" என்றேன்.

பத்தொன்பது விநாடி. ஒரு நிமிடக் கட்டணம்.
நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்,
அவ்வளவு அவசரம்.

அன்றிரவு வீட்டில் கன்சோலைப் போட்டேன்.
சும்மா, பார்க்கலாமென்று.
நீலக் கதவு. தட்டினேன்.
எண்ணெய் ஊற்றினேன். மீனை வைத்தேன்.
மணியடித்துவிட்டு ஒளிந்துகொண்டேன்.
பிப்ரவரி முழுக்க நான் சொன்ன பொய்க்கு
நானே சாவி தேடினேன்.
வேலைக்குத் தாமதமாகப் போய்
பிறருக்கு வழி சொன்னேன், கொட்டாவியோடு.
கதவின் வலது மூலையில்
மற்ற எந்தக் கதவிலும் இல்லாத
ஒரு புள்ளி கறுப்பு இருக்கிறது.
அழுக்கா, சாவித்துளையா,
வரைந்தவனின் கை நடுக்கமா, தெரியவில்லை.
அதை ஃபைல் எழுதியவன் பார்த்திருப்பானா?

மே மாதம், ஆற்றில் பனிக்கட்டி
உடைந்து நகரும் வாரத்தில்
மறுபடி அந்தக் குரல்.
"நீலக் கதவு" என்றாள்.
எனக்குக் காது சுட்டது.
திட்டு விழும் என்று
ஹெட்போனைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.
"அதைப் பத்தி உங்க ஃபைல்ல என்ன இருக்குன்னு
எனக்குத் தெரியாது.
ஆனா நாலு மாசம் ஆச்சு, நான் சொல்றேன்,
எழுதிக்கோங்க—"

"நிறுத்துங்க" என்றேன்.
பக்கத்து மேசை பிர்கிட்டா திரும்பிப் பார்த்தாள்.
காசு வாங்கிக்கொண்டு
பதில் வேண்டாமென்று சொல்பவனை
அவள் பார்த்ததில்லை.
"சொல்லாதீங்க. திறக்குமா,
அதை மட்டும்."

அந்தப் பக்கம் ஆலையின் சங்கு ஊதியது.
ஊதி முடியும்வரை இருந்தாள்.
அதற்கப்புறமும் கொஞ்சம் இருந்தாள்.
ஜனவரியில் நான் எடுத்துக்கொண்ட நேரம்தான்,
ஒரு வண்டி பனியை வாரும் நேரம்.

"திறக்கும்" என்றாள்.

ஃபைலில் அந்த வரியை நான் அடிக்கவில்லை.
பென்சிலால் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்,
வலது மூலையில்.
போன் மறுபடி அடித்தது.
"மூணாவது குறிப்பு" என்றது மூக்கால் பேசும் குரல்,
"தம்பிக்கு."