பதினொன்று

இளவாலையில் அமலதாசின் கொட்டகைக்குள்,
வாடகைக் கதிரைகளுக்கும் பந்தல் தகரங்களுக்கும் இடையில்
படங்கு போர்த்திக் கிடந்தது.
மேலே ஒரு கோழி அடைகிடந்தது.

"பதினாறு சானல், தங்கச்சி. இப்ப எல்லாம் டிஜிற்றல்.
இதைத் தூக்க நாலு பெடியள் வேணும்.
நாலு பெடியளும் கனடாவில."
எண்பதாயிரம் சொன்னார். நான் ஐம்பது என்றேன்.
கோழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.
அறுபத்திரண்டுக்கு முடிந்தது,
குஞ்சு பொரிக்கும்வரை நான் பொறுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

லான்ட்மாஸ்டரில் வைக்கோல் பரப்பி
மானிப்பாய்க்குக் கொண்டுவந்தோம்.
சண்டிலிப்பாயில் ஒருவர் சைக்கிளை நிறுத்தித்
தொப்பியைக் கழற்றினார். சவப்பெட்டி என்று நினைத்தாராக்கும்.
நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

பகலில் பல் வைத்தியரிடம் உதவியாள்.
இரவிலும் அதே வேலைதான்:
அடித்தகட்டைக் கழற்றி, நெற்றியில் விளக்குக் கட்டி,
கிளினிக்கில் கழித்துவிட்ட வாய்க் கண்ணாடியைப்
பலகைகளுக்குக் கீழே நுழைத்தேன்.
சொத்தை. சொத்தை. வெடித்த ஈயப்பற்று.
உப்புக்காற்றில் பச்சை பூத்த செப்பு.
முரசு வீங்கினாற்போல் வீங்கிய கொள்ளளவிகள்,
நூற்று நாற்பத்தாறு எண்ணினேன்.
புதியவை கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன,
ஒரு மிக்சர் பக்கெற்றுக்குள்.
அனுப்பியவனுக்கு அது பகிடி. கடலைப்பருப்பும் இரண்டு கிடந்தது.

ஒவ்வொரு சானலின் கீழும் பிளாஸ்ரர் ஒட்டி
நீலப் பேனையால் எழுதியிருந்தது.
நாதஸ்வரம். தவில். தவில்.
உரித்தால் அடியில் பாதர், கொயர் இடது, கொயர் வலது.
அதற்கும் அடியில் அண்ணாவியார்.
பதினொன்றில் மட்டும் ஒரே பட்டை, ஒரே சொல்:
தலைவர்.

ஃபேடர்கள் எல்லாம் கரகரத்தன.
ஸ்பிரிற்றில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
சாம்பிராணி, சுருட்டு, திருநீறு,
கச்சேரிக்கு நடுவில் வடை தின்ற கை,
எல்லாம் ஒரே கறுப்பாய்ப் பஞ்சில் வந்தது.
நான்கு இன்னமும் உறுமுகிறது.
அயலில் தண்ணி மோட்டர் போட்டால் கூடும்,
நிறுத்தினாலும் குறையாது.
ஏழில், இரவு பத்துக்குப் பிறகு,
கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ
உரத்துக்கு விளம்பரம் செய்கிறார்.

பதினொன்று மட்டும்
நேற்றுப் பெட்டி பிரித்ததுபோல் இருந்தது.
ஒரு விரலால் தள்ளினேன், சத்தமில்லாமல் உச்சிக்குப் போனது.

அமலதாசுக்குப் போன் எடுத்தேன்.
சிரித்தார், இருமினார், பிறகும் சிரித்தார்.
"அந்தாள் மைக் பிடிச்சா விடாது, தங்கச்சி.
செத்தவீட்டிலையும் முக்கால் மணித்தியாலம்.
அதால தனிய ஒரு மைக், தனிய ஒரு வயர்.
பதினொண்டைக் கீழ இழுத்து விட்டிடுவன்.
பதினெட்டு வருசம்!
ஒருநாளும் அந்த மனிசன்
சத்தம் வரேல்லையெண்டு சொன்னதில்லை."

சனிக்கிழமை இரவு
மின்விசிறியை நிறுத்தினேன்.
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்.
என் கொப்பியில் பன்னிரண்டு பாட்டு இருக்கிறது,
ஒருவருக்கும் பாடிக் காட்டாதவை.
மைக்கைப் பதினொன்றில் கொழுவிவிட்டு
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
தொண்டையைச் செருமினேன். முள் துள்ளியது.
ஒன்று, இரண்டு என்று எண்ணத்தான் நினைத்தேன்,
வாயில் வந்ததோ
"பேரன்புமிக்க சபையோரே".

முள் சிவப்பைத் தொட்டுத் திரும்பியது.
"ஆரோடை கதைக்கிறாய்?" அடுத்த அறையிலிருந்து நிறைமதி.
"சபையோரோடை."
"கதவைச் சாத்து."

சாத்தினேன். பாடினேன்.
மூன்றாவது வரியில் சுருதி விலகியது,
நாயொன்று குரைத்தது, அதையும் விட்டுவைத்தேன்.

விடியத்தான் தெரிந்தது,
ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.
இரண்டு கிலோ பாரைமீன் பழுது.
பாட்டு, பரவாயில்லை.