பன்னிரண்டு ரிங்கிட்

அட்டையில் என் பெயர் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
முந்நூறு பிரதியும் அப்படித்தான்.
ஜெலுத்தோங் அச்சகக்காரர்
"இந்த விலைக்கு இதுதான்" என்றார் மலாயில்.

ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்து இல்லை.
பதினேழு வயதுக்குச் சட்டத்தில் கை கிடையாதாம்.
பட்டர்வொர்த் ஃபெரித் துறைக்கு எதிரே
லோரியை ஓரங்கட்டி
ஸ்டியரிங்மேல் தாளை விரித்து
பக்கத்துக்குப் பக்கம் அப்பா போட்டார்.
மலாய்ப் பள்ளியில் படித்தவர்.
நான் எழுதிய மொழியைப் பேசுவார், வாசிக்க வராது.
"இது நடந்த கதையா?"
"நடக்காதது. ஆனா நடந்த மாதிரி."
"அப்ப பொய்."
"இல்லப்பா."
பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். என் பேனா.

கதை இதுதான்:
எப்ராயீம், படிவம் மூன்று,
ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையிலிருந்து
பன்னிரண்டு ரிங்கிட் எடுக்கிறான்.
நூற்று அறுபது பக்கம் அதோடு அலைகிறான்.
செலவழிக்க மனம் வரவில்லை.
திருப்பி வைக்க வழி தெரியவில்லை.
ஜெபிக்கிறான். கர்த்தர் வாயே திறப்பதில்லை.

பாதிக்குமேல் ஃபெரியில் எழுதியது,
பள்ளி போகையில், வருகையில்,
கைப்பேசியில், கட்டைவிரலால்.
அலை தூக்கிப் போட்டால் ஒற்றெழுத்து தவறிவிடும்.
கூடுதல் கணிதத்தில் இருபத்தொன்று வாங்கிய மாதம்
ஒன்பதாம் அத்தியாயம் முடிந்தது.
அம்மாவுக்கு இருபத்தொன்று மட்டும் தெரியும்.

பதிப்பகத்து ஹெப்சிபா அக்கா
பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அழைத்தார்.
"நல்லா இருக்கும்மா. ஆனா பையன்
எந்தப் பக்கத்துல மனந்திரும்புறான்?"
"நூற்று நாற்பத்தொன்னுல அழுறான் அக்கா."
"அழுறது வேற."
"தெரியும்."
நெடுநேரம் அந்த முனையில் மின்விசிறிச் சத்தம்.
பிறகு, அத்தியாயத்துக்கு ஒரு வசனமாவது
தலையில் வைக்கலாமே என்றார்.
வைத்தேன்.
எல்லாம் கேள்விக்குறியில் முடிகிற வசனங்கள்.
தேடினால் வேதத்தில் நிறையவே இருக்கின்றன.

இரண்டாம் ஆராதனைக்குப் பிறகு
சபை மண்டபத்தில் வெளியீடு.
புத்தகம் இருபது ரிங்கிட், மீஹூன் கோரேங் இலவசம்.
மீஹூன் முதலில் தீர்ந்தது.
"இந்தச் சிறு பிள்ளையின் எழுதுகோலை, ஆண்டவரே..."
போதகர் ஜெபிக்கையில்
கண்ணைத் திறந்து, பிரிக்காத கட்டுகளை எண்ணினேன்.
வாலிபர் குழுவில் ஒருத்தன் கேட்டான்:
உள்ளே படம் இருக்கா?
ஒரு அத்தை இரண்டு பிரதி வாங்கினாள்,
ஒன்று ஈப்போவில் இருக்கும் நாத்தனாருக்கு,
அவள் மகள் இன்னும் எதுவும் எழுதவில்லை என்பதற்காக.

எல்லாரும் நாற்காலி மடக்கும்போது
பொருளாளர் அருமைநாயகம் வந்தார்,
இருபதாம் பக்கத்தில் விரலை வைத்தபடி.
"காணிக்கை எண்ணுற அறைக் கதவு
லேசா தூக்கி இழுத்தாத்தான் திறக்கும்.
சரியா எழுதியிருக்கே."
அவ்வளவுதான்.
கையெழுத்து வாங்கினார்.
மீதி சில்லறையைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

நான் எடுத்தது பதினொன்று.
படிவம் மூன்றில், மழை பெய்த ஒரு ஞாயிறு,
பசிக்கு இல்லை, பஸ்ஸுக்கும் இல்லை,
எதற்கென்று எழுதிப் பார்த்தும் பிடிபடவில்லை.
அந்த ஒரு ரிங்கிட்தான் புனைவு.

இரவு, குளித்துவிட்டு வந்த அப்பா
சாய்ந்த என் பெயரை விரலால் நேராக்கப் பார்த்தார்.
"வாசி" என்றார்.
வாசித்தேன்.
எப்ராயீம் ஷூ லேஸைக் கட்டினான்.
மணி அடித்தது.
அவன் அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து வரவில்லை.
"எவ்வளவு எடுப்பான் இவன்?"
"பன்னிரண்டு. அது பின்னாடி வரும்."
"பன்னிரண்டுக்கு இப்ப என்னா வரும்" என்று
கால் நீட்டிக்கொண்டார்.
ஆறாம் பக்கம் திருப்பினேன்.
கதவுக்கு இன்னும் பதினான்கு பக்கம் இருந்தது.
"ம்ம்" என்றார், "படி."