ஒன்றை மட்டும் குறிப்பிடவும்

அல் ரம்ஸ் கடலில் காலை ஐந்தே கால்.
வெப்பமானி முப்பத்தைந்து புள்ளி இரண்டு.
இன்னும் வெயிலே வரவில்லை,
தண்ணீர் வடித்த கஞ்சியாய்க் கையில் படுகிறது.
மொஃபஸ்ஸல் பதினேழாம் வரிசைக் கூடையைத் தூக்கிப்
படகின் அடியில் கொட்டுகிறான்.
சத்தத்திலேயே தெரிந்துவிடும்.
உயிருள்ள சிப்பி கல்லாக விழும்,
செத்தது ஓட்டாஞ்சில்லாக.

நுணல் தன் வாயால் கெடும்.
இது கெட்ட பிறகுதான் வாய் திறக்கிறது.
திறந்தும் ஒன்றும் சொல்வதில்லை.

நான் எண்ணுகிறேன். எண்ணத்தான் சம்பளம்.
இருநூறில் நூற்று முப்பத்தொன்று.
நாற்றம் கையுறையைத் தாண்டி வந்துவிட்டது,
இனி மூன்று நாளைக்குச் சோற்றிலும் இருக்கும்.

மே மாதக் கடைசியில் ஓர் இரவு
எல்லாம் ஒன்றுசேர்ந்து பால் விட்டன.
வரிசைக்கு வரிசை வெள்ளை மேகம்.
முதலாளி உபைத் படகில் நின்று கைதட்டினார்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
குளிர்காலமெல்லாம் சேர்த்த சத்தை
ஒரே இரவில் கொட்டிக் கல்யாணம் நடத்திவிட்டு
சதை நீர்த்து, கண்ணாடியாகி
ஜூலைக்குள் நுழைந்தன.

பிறகு காற்று நின்றது.
நாலு பகல், நாலு ராத்திரி, அலையே இல்லை.
பகலில் பச்சையாய்ப் பூத்த பாசி
இருட்டியதும் தண்ணீரின் மூச்சைக் குடித்தது.
உப்பு நாற்பத்து மூன்றுக்கு ஏறியது.
அதற்குப் பிறகுதான் விப்ரியோ.
அந்தக் கிருமி எங்கிருந்தும் வரவில்லை,
இங்கேயே இருந்தது, குளிர்காலம் முழுக்க,
கல்யாணச் செலவு முடியட்டும் என்று
வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும்
கடன்காரன் மாதிரி.

ஒரு கூடைக்கு நூறு போதும் என்று
மார்ச்சிலேயே எழுதினேன்.
கூடைக்குப் பணமில்லை என்றார்கள்.
மொஃபஸ்ஸலுக்குத்தான் முதலில் புரிந்தது:
“எங்க ரூம்ல எட்டுப் பேர், மேடம்.
ஒருத்தனுக்கு இருமல் வந்தா
வெள்ளிக்கிழமைக்குள்ள எட்டு இருமல்.”
ஜூனுக்குப் பிறகு குலுக்காதே, தரம் பிரிக்காதே,
வெயிலில் வைக்காதே என்று அச்சடித்துப்
படகுத்துறைக் கதவில் ஒட்டினேன்.
துபாய் ஹோட்டலிலிருந்து ஆர்டர் வந்தது.
பிரித்தோம். நானும்தான் பிரித்தேன்,
காகிதம் ஒட்டிய அதே கதவுக்கு முன்னால்.

பன்னிரண்டரைக்குச் சட்டப்படி எல்லோரும் நிழலுக்கு வந்தோம்.
கன்டெய்னரில் ஏசி உறுமுகிறது.
மேசையில் காப்பீட்டுப் படிவம்.
இறப்பின் காரணம்:
நோய், வெப்பம், புயல், திருட்டு.
ஒன்றை மட்டும் குறிப்பிடவும்.
நோய்க்குப் பணம் கிடையாது. வெப்பத்துக்கும் கிடையாது.
ஏஜென்ட் நல்ல மனிதர், போனில் குரலைத் தாழ்த்தினார்:
“பெருசா காத்து ஏதாவது அடிச்சுதா, மேடம்?
கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”
யோசித்தேன்.
“அடிக்கலை சார். அதான் காரணம்.”
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று மணிக்கு மறுபடி படகு.
ஆழம் உள்ள இடத்தில் கிடந்த ஒன்பது வரிசையை மட்டும்
ஜூன் மாதமே எட்டு மீட்டருக்கு இறக்கியிருந்தோம்,
கயிறு அவ்வளவுதான் இருந்தது.
இருபத்தாறாம் வரிசை மேலே வந்தது.
கொட்டும்போதே மொஃபஸ்ஸல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
கல். கல். கல். கல்.
நடுவில் எப்போதாவது ஓட்டாஞ்சில்லு.
இருநூறில் இருபத்திரண்டு.

லேசாய்த் திறந்திருந்த ஒன்றைத் தட்டினேன்,
படக்கென்று மூடிக்கொண்டது,
அவசரமாகக் கதவைச் சாத்தும் வீட்டுக்காரி போல.
“சீக்கிரம் இறக்குடா,” என்றேன், “மேலே சூடு.”

படிவத்தில் நாலையும் வட்டமிட்டேன், திருட்டைத் தவிர.
பிறகு அதன் பின்பக்கத்தில்
நவம்பருக்கு வேண்டியதை எழுதினேன்:
கூடை முந்நூறு.
கயிறு, எட்டு மீட்டர்,
எல்லா வரிசைக்கும்.
ஆழமில்லாத வரிசைகளை எங்கே நகர்த்துவது?
அதை இன்னும் யோசிக்க வேண்டும்.