ஏற்றம் முப்பத்தாறு மீற்றர்

போனில் விரிந்த கோடு சொல்கிறது,
போக வர எண்பத்தொரு கிலோமீற்றர்,
மொத்த ஏற்றம் முப்பத்தாறு மீற்றர்.
ஹில்மி சிரிக்கிறான்.
"இதுக்கா கொழும்பிலயிருந்து
இருபத்திரண்டு கியரோட வரப்போறாங்க?"

அவனுக்கும் தெரியும்,
எங்கள் பக்கத்து மலை
ஓரிடத்தில் கிடக்காது.
ஆடி மாதம் பத்து மணி கழிந்து
கச்சான் எழும்பினால்
தட்டைத் தெருவும் செங்குத்து.

விடியமுன் கிண்ணியாப் பாலம்.
கீழே இறால்காரரின் விளக்குகள்
ஒன்றையொன்று முந்தாமல் நிற்கின்றன.
நடுப்பாலத்தில் தொடை ஒரு கேள்வி கேட்டது.
முப்பத்தாறில் ஒன்பது அங்கேயே செலவு.

முதுகுப்பையில் மஞ்சள் பெயின்ற்,
மருந்துப் பெட்டி அட்டையில் வெட்டிய அம்புக்குறி.
திருப்பம் வரும் இடமெல்லாம் இறங்கிக்
குந்தியிருந்து அம்பு பதிக்கிறேன்.
பாமசியில் ஆறு நாள் குளிசை எண்ணுகிறவளுக்கு
ஞாயிறில் கிடைத்த உத்தியோகம்.

உப்பாறு. கங்கைப் பாலம்.
மூதூரில் பிளேன்ரீயும் ஆளுக்கு இரண்டு றோல்சும்.
பிறகு இரு மருங்கும் அறுத்த வயல்,
வைக்கோல் வாசம் சங்கிலி எண்ணெயோடு கலந்து,
பேசாமல் பத்துக் கிலோமீற்றர்.

கிளிவெட்டிக்கு இந்தப் பக்கம்
தெருவில் பாதியைக் காணவில்லை.
நீலப் படங்கு, அதன்மேல் நெல்,
ஓரத்தில் காவலுக்குக் கல்லும் கிளுவங்கொப்பும்.
ஒரு பெண் நெல்லுக்குள் நடக்கிறாள்,
பாதத்தைத் தூக்காமல்,
இழுத்து இழுத்துக் கோடு போட்டபடி.
அந்தத்தில் திரும்புகிறாள். மறுபடி கோடு.

என் அட்டையைப் பார்த்தாள்.
"தெரு போடப் போறீங்களோ?"
"இல்லையக்கா, சைக்கிள் ஓட்டம்.
பதினேழாந் திகதி. எழுபது பேர்."
"பதினேழோ..."
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள்.
இன்னும் பல்லுக்கு மெத்தென்றிருக்கிறதாம்.
"மற்றத் துண்டுக்கு அண்டைக்குத்தான் மிசின் வருது.
ஈரநெல்லெண்டா மில்காரன் மூட்டைக்கு மூண்டு கிலோ கழிப்பான்.
அண்டைக்கு இந்தத் தெரு எனக்கு வேணும், தங்கச்சி."

கோபமே இல்லை அந்தக் குரலில்.
இந்த மருந்து முடிந்துவிட்டது என்று
நான் சொல்லும் அதே குரல்.

பெயின்ற் ரின் திறந்தபடி கிடந்தது.
அம்பு வைக்கவேண்டிய இடம்
சரியாக அவள் படங்கு முடியும் இடம்.

வரைபடத்தை விரலால் பெருப்பித்தேன்.
மாவலியே ஒரு வழிக்கு இணங்கவில்லை.
ஒரு கை கொட்டியாரக் குடாவுக்கு,
மறு கை வெருகலுக்கு.
எனக்கு மட்டும் ஏன்
ஒற்றைக் கோட்டில் இத்தனை பிடிவாதம்?

"வாய்க்கால் கட்டால போங்க," என்றாள்,
நேசரஞ்சிதம் என்று பெயரும் சொன்னாள்.
"ரெண்டாவது மதகடியில எருமைப்பட்டி படுத்திருக்கும்.
அதுகள் எழும்பாது.
நீங்கதான் சுத்திப் போகணும்."

மூன்று கிலோமீற்றர் கிறவல்.
ஹில்மி தன் மெல்லிய டயரை அமத்திப் பார்த்தான்.
"ஏசப்போறாங்க."
"ஏசட்டும்."

திரும்பும் வழியில் வந்தது கச்சான்,
சொன்ன நேரத்துக்கு அரைமணி முந்தி.
ஒரு கிலோமீற்றர் அவன் முதுகு எனக்கு,
ஒரு கிலோமீற்றர் என் முதுகு அவனுக்கு.
வாய் திறந்தால் மண்.
போன் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது,
ஏற்றம் பூச்சியம், ஏற்றம் பூச்சியம்.

இரவு, விரல் நகத்தில் மஞ்சள் போகாத கையால்
ஓட்டக்காரருக்கான குறிப்பை எழுதினேன்.

நாற்பத்து நாலாம் கிலோமீற்றரில் அம்பு கிடையாது.
நீலப் படங்கு தெரியும்.
அதற்கு முன் இடப்பக்கம் கட்டில் இறங்குங்கள்.
கல் பெரிதாயிருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடவுங்கள்.
நெல்லில் மிதிக்க வேண்டாம்.
மிதித்துவிட்டால்
டயர் இடுக்கில் ஒட்டியதை
அங்கேயே நின்று கிள்ளிப் போட்டுவிட்டு வாருங்கள்.
நேரம் ஓடட்டும்.