நன்றிக் கடிதம், மூன்றாவது தாள்

மதிப்பிற்குரிய நன்கொடையாளர்களுக்கு
என்று தொடங்கி இரண்டு தாள் கிழித்தாயிற்று.
மேட்ரன் கோர்ப்போ வாசலில் நின்று ஏதோ கேட்கிறார்.
தகரக் கூரையில் மழை.
அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை,
நான் சொன்னது அவருக்கு.

நீங்கள் அனுப்பிய பெட்டிகள்
மன்ரோவியாத் துறைமுகத்தில் ஏழு வாரம் கிடந்தன.
பிறகு லாரி. பிறகு சேறு. பிறகு வேறொரு லாரி.
கடைசி நான்கு மைல் தலைச்சுமை.
சுமந்தவர்கள் பதினோரு பேர்.
அதில் இரண்டு பேர், சண்டை நடந்த காலத்தில்,
இதே ஆஸ்பத்திரியின் கூரையைக்
கழற்றிக்கொண்டு போனவர்கள்.
யாரும் அதைப் பேசவில்லை.
தண்ணீர் கொடுத்தோம்.
நிமிர்ந்து புதுத் தகரத்தைப் பார்த்தபடி குடித்தார்கள்.

பட்டியலில் இருந்தது இருந்தது,
இல்லாததும் இருந்தது:
ஜோடி இல்லாத ஊன்றுகோல் முப்பது,
ஒரு மூட்டை கம்பளிக் கையுறை
(இங்கே பனி பெய்வதில்லை, ஐயா),
பல் வைத்தியர் ஒருவரின் நாற்காலி,
அதன் தலையணையில் ஒட்டிய ஒரு நரைமுடி.
நாற்காலிக்கு உண்மையாகவே நன்றி.
பிரசவம் பார்த்து விடிந்த காலைகளில்
மேட்ரன் அதில்தான் சாய்கிறார்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

பிறகு அந்த இயந்திரம்.
குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு தருவது.
ஜெனரேட்டரை முடுக்கிச் செருகினோம்.
பச்சை விளக்கு எரிந்தது.
கை தட்டினோம்.
கை தட்டி முடிப்பதற்குள் கருகல் வாடை.

இதை எழுதாதே என்கிறார் மேட்ரன்,
அடுத்த முறை அனுப்பமாட்டார்கள்.
நியாயம்தான்.
முதல் தாள் அப்படித்தான் கிழிந்தது.

இதை எழுதலாம் என்று நினைக்கிறேன்:
ஆகஸ்டில் ஓர் இரவு
மக்கோனா ஆற்றின் அக்கரையிலிருந்து
ஓடத்தில் ஒருத்தி வந்தாள்.
ஏழாம் மாதம்.
குழந்தை ஒன்றேகால் கிலோ,
அரிசி நிறுக்கும் தராசில்.
பகலெல்லாம் தாயின் மார்மேல் கிடந்தது.
இரவில் அவளுக்குக் காய்ச்சல் ஏறியபோது
தரை துடைக்கும் யாசா
கிடங்குக்குப் போய்
உங்கள் இயந்திரம் வந்த தெர்மோகோல் பெட்டியை
இழுத்து வந்தாள்.
வெந்நீர் நிரப்பிய போத்தல்கள் நான்கு,
அவற்றைச் சுற்றிக் கம்பளிக் கையுறை.
ஒரு கையுறை மிஞ்சியது.
அதற்குள் குழந்தையின் இரண்டு கால்களும்
தொடைவரை போயின.

பத்தொன்பது இரவு.
மணிக்கொரு தரம் வெந்நீர்.
விறகு யாசாவுடையது.

எங்கள் கிஸ்ஸி வழக்கத்தில்
பிறந்த வரிசைதான் பெயர்.
மூத்தவள் சியா, அடுத்தவள் கும்பா,
மூன்றாவது ஃபிண்டா.
பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்டேன்.
ஃபிண்டா, என்றாள்.
கூட வந்தவர்கள் யாரும் இல்லை.
சியா எங்கே, கும்பா எங்கே என்று
நான் கேட்கவில்லை.
என் பெயர் ஃபாயியா. மூன்றாவது மகன்.
என்னிடமும் யாரும் கேட்பதில்லை.

ஆகவே அந்தப் பெட்டிக்கு நன்றி.
உள்ளே இருந்ததற்கும்தான்:
மெக்கானிக் சூபா ஞாயிறுதோறும் அதைப் பிரிக்கிறார்.
போன வாரம் விசிறி சுற்றியது.
சூடு இன்னும் வரவில்லை.

கேட்கலாம் என்றால் கேட்கிறேன்.
டீசல்.
சோப்பு, நிறைய.
யாசாவுக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி;
அவள் படத்தைக் கேட்டு எழுதியிருந்தீர்கள்,
சிரிக்கும் படமாக.
சம்பளம் வரட்டும், எடுத்து அனுப்புகிறேன்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று
பேனாவை அதன்மேல் வைத்திருக்கும்போது
மழை நிற்கிறது.
மேட்ரன் மறுபடியும் கேட்கிறார்.
இந்த முறை கேட்கிறது.